கழுத்தில் கை வைத்தால் முழங்கை எப்படித் திருந்தும்: ஒரு வைவா தந்த பாடம்

இயன்முறை மருத்துவ முதுநிலைத் தேர்வின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "கழுத்தில் மேனிபுலேஷன் செய்த பிறகு முழங்கையின் நிலை உணர்வு கூர்மையானது என்கிறார்கள். முழங்கையை யாரும் தொடவே இல்லையே, எப்படி?" மேனிபுலேஷன் என்பது மூட்டைக் கையால் சட்டென அழுத்தி அசைக்கும் சிகிச்சை. நிலை உணர்வு என்பது பார்க்காமலே உறுப்பு எங்கே இருக்கிறது என்று அறியும் திறன். நான் சி5, சி6 என்று கழுத்து நரம்பு வேர்களை ஒப்பித்துவிட்டு மேற்கொண்டு செல்ல வழியின்றி நின்றேன். தேர்வாளர் எதிர்பார்த்தது வேர்களின் பட்டியல் அல்ல, கழுத்திலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியின் கதை என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

விடையை ஏற்பிகளிலிருந்து, அதாவது உணர்வைப் பதிவு செய்யும் நுண்ணுறுப்புகளிலிருந்து, தொடங்குங்கள். மண்டையோட்டின் அடியில் உள்ள சிறு தசைகளில் தசைக் கதிர்கள், அதாவது தசை நீள்வதை உணரும் மசில் ஸ்பிண்டில்கள், மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அவற்றின் செய்தி சிறுமூளைக்கும், சமநிலையைக் கவனிக்கும் மூளைத்தண்டின் வெஸ்டிபுலார் உட்கருக்களுக்கும் சென்று, கண்ணும் உட்செவியும் தரும் தகவலோடு சேர்கிறது. உட்செவி தலையின் அசைவை மட்டுமே சொல்லும். தலை மட்டும் சாய்ந்ததா, உடலே சாய்ந்ததா என்று பிரித்தறியக் கழுத்தின் செய்தி வேண்டும். கண்ணை மூடி நிற்பவரின் பின்கழுத்துத் தசையில் அதிர்வுக் கருவியை வைத்தால், கழுத்து நீண்டதாக மூளை தவறாகக் கணித்து, அவர் உடல் முன்னோக்கிச் சாய்வதை நேரிலேயே பார்க்கலாம். கை எங்கே இருக்கிறது என்ற கணக்கும் தலைக்கும் உடலுக்கும் உள்ள இந்த உறவைச் சார்ந்தே போடப்படுவதால், அடிப்படைச் செய்தி கலங்கினால் முழங்கை வரை பிழை நீளக்கூடும். ஹாவிக், மர்ஃபி என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை தேடும் அளவுக்கு இல்லாத லேசான கழுத்துத் தொல்லை உடையவர்களிடம் இதைத்தான் சோதித்தது. "எலும்பு இடம் மாறியது, சரி செய்தோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரி முழு விடையையும் பலவீனமாக்கிவிடும்.

அளவிடும் முறையில் நான் செய்த தவறு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரெவெல் என்ற ஆய்வாளர் 1991இல் விவரித்த, கழுத்தின் நிலை உணர்வை அளக்கும் சோதனையில், தலையில் விளக்கு பொருத்தியவர் சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி அமர்ந்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மீண்டும் நேர்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒளிப்புள்ளி மையத்திலிருந்து சுமார் 7 செ.மீ. விலகினால் அது ஏறத்தாழ 4.5 பாகை, அதற்கு மேற்பட்ட பிழையைக் குறைபாடாகக் கருதுவது வழக்கம். பயிற்சியின்போது ஒருவர் முதலில் வலப்புறம் 6 செ.மீ., அடுத்து இடப்புறம் 6 செ.மீ. தவறினார். வலத்தைக் கூட்டல், இடத்தைக் கழித்தல் எனக் குறியீட்டோடு கூட்டிச் சராசரி பார்த்த நான், பிழை சுழியம் என்று எழுதிவைத்தேன்! திசையை நீக்கிய தனிமதிப்புச் சராசரி 6 செ.மீ. என்பதே அவருடைய உண்மை நிலை. திசையோடு கூடிய சராசரி எந்தப் பக்கம் சாய்வு அதிகம் என்று காட்டும். பிழையின் அளவைக் காட்டாது.

சிகிச்சைக்கு முன்னும் சில நிமிடம் கழித்தும் மட்டும் அளந்த ஆய்வைப் படிக்கும்போது, ஒரே சோதனையைத் திரும்பச் செய்ததாலேயே பிழை குறைந்திருக்குமா என்று கேளுங்கள். போலிச் சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிட்டிருந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். பயிற்சிகளையும் சேர்த்து எழுதுவது நல்லது: ஜல்லும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் ஒப்பிட்டபோது, நிலை உணர்வுக்கான நேரடிப் பயிற்சி மட்டுமன்றி, ஆழ்கழுத்துத் தசைகளுக்கான பயிற்சியும் இந்தப் பிழையைக் குறைத்தது. கையால் செய்யும் சிகிச்சையோடு பயிற்சியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கும். இதுவரை அனுபவித்திராத கடுமையான கழுத்துவலி அல்லது தலைவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், நடை தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேனிபுலேஷன் செய்யாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் முதலில் வெறும் கழுத்துவலியாகவே அது தோன்றக்கூடும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.