தட்டைப் பார்க்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

குழந்தைகள் காப்பகத்தில் மதியத் தட்டு அப்படியே திரும்பி வந்தால், பழி முதலில் சமையல்காரர் மேல் விழும். அடுத்து குழந்தை மேல். பெரும்பாலும் இருவர் மேலும் தப்பில்லை. பதினொன்றரைக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போயிருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சோறு எப்படி இறங்கும்?

சின்ன வயிறு, சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை உணவு, நடுவில் தண்ணீர் மட்டும் என்று வைத்தால்தான் பசி எடுக்கும். ஒரு வயதுக்கு மேல் பால் நாளுக்குச் சுமார் அரை லிட்டர் போதும். அதற்கு மேல் போனால் சாப்பாட்டின் இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளும். அதில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு என்பதால் ரத்தசோகை வரை இழுத்துவிடும். காலையில் வீட்டில் எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. வருகைப் பதிவேட்டிலேயே அதற்கு ஒரு கட்டம் வேண்டும்.

அளவு விஷயத்தில் பெரியவர் கண் ஏமாற்றும். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடக்கத்துக்கு நல்ல அளவு: இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோறு இரண்டு, பருப்பு இரண்டு, காய் இரண்டு. கேட்டால் மறுபடி வைக்கலாம். குவித்த தட்டைப் பார்த்தாலே பிள்ளைகள் மிரளும். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பிரித்துக் கொடுத்தார். கேட்க எளிது. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பதை ஊழியர்கள் விடுவதுதான் கடினம். புதுக் காயைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். நாமோ மூன்றாவது முறையே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டத் துண்டு மூச்சுக்குழாயில் மூடி போல உட்கார்ந்துவிடும். கேரட்டை இரு விரலால் நசுங்கும்வரை வேகவைக்க வேண்டும். முழுக் கொட்டைகள், பாப்கார்ன் ஐந்து வயதுக்குள் வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. இருமும் குழந்தைக்குக் காற்று போகிறது. முழுதாக அடைத்த குழந்தையிடமிருந்து சத்தமே வராது. ஆகவே, ஊட்டுபவர் முதுகு காட்டி நிற்காமல், முகங்கள் தெரிய எதிரே உட்கார வேண்டும்.

தாமதமாக வரும் பிள்ளைக்கு எடுத்துவைக்கும் தட்டில் கவனம் வேண்டும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயோ, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயோ இருக்க வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் ஒருவகை நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மாலையில் பெற்றோரிடம் "நல்லா சாப்பிட்டா" என்று சொல்லி அனுப்புவதால் பயனில்லை. "சோறு 2 கரண்டி, பருப்பு 1, கேரட் தொடவில்லை, மூன்றரைக்குப் பால் குடித்தாள்" என்று எழுதிக் கொடுத்தால், வாசலிலேயே இன்னொரு பால் பாட்டிலை நீட்டுவதா, இரவுச் சாப்பாட்டுக்குப் பசியை விட்டுவைப்பதா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.