தேசிக்காய் மணத்தைத் தேடி நான்கு செடிகள்

2018 ஒக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டத்தின்படி, ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர்கள் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். (கியூபெக்கில் வீட்டு வளர்ப்புக்குத் தடை உண்டு, அந்தத் தடை செல்லும் என்று 2023 இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.) எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் சில ஆண்டுகளாக அந்த எண்ணிக்கைக்குள் வளர்த்துவரும் நான், விளைச்சலின் நிறையைக் காட்டிலும் மணத்தையே குறித்து வைக்கிறேன்.

முதலில் வாங்கியவை சுப்பர் லெமன் ஹேஸ், டான்ஜி ஆகிய இரண்டு கஞ்சா இனங்களின் விதைகள். லெமன் ஸ்கங்க்கையும் சுப்பர் சில்வர் ஹேஸையும் கலந்து முன்னது உருவானது. கலிபோர்னியா ஒரேஞ் என்ற பழைய இனத்தின் வழிவந்தது பின்னது. டான்ஜி பெயருக்கேற்ப நடந்துகொண்டது: பூக்கத் தொடங்கி ஆறாவது வாரத்தில் சிற்றிலையை விரலால் வருடி முகர்ந்தபோது, தோடம்பழத் தோலை நகத்தால் கீறியதுபோல் இருந்தது. ஆனால் ஒரே பொதியிலிருந்து முளைத்த இரண்டு லெமன் ஹேஸ் செடிகளில் ஒன்றில்தான் தேசிக்காய் இருந்தது. மற்றதில் பைன் மரப் பிசினும் ஈர மண்ணுமே மணத்தன. விதையிலிருந்து வரும் செடிகள் உடன்பிறப்புகளே அன்றி ஒன்றின் பிரதிகள் அல்ல என்பதைப் பொதியின் மேலுள்ள படம் சொல்வதில்லை.

இத்தகைய மணம் என்றதும் எல்லோரும் லிமோனீனைச் சொல்வார்கள்; செடிகளுக்கு மணம் தரும் டெர்பீன் என்ற சேர்மங்களுள் அதுவும் ஒன்று. பூக்களைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேல் பனித்துளிபோல் நிற்கும் சுரப்பி மயிர்களில் அது உருவாகிறது என்பதும், தோடம்பழத் தோலின் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் அதுவே என்பதும் உண்மைதான். ஆயினும் எலுமிச்சையை எலுமிச்சையாக உணரவைப்பது, அதன் எண்ணெயில் சிறிதளவே உள்ள சிட்ரால்; எலுமிச்சைப் புல்லைக் கசக்கினால் எழுவதும் அதே சிட்ரால்தான். ஆகவே, ஆய்வுச் சீட்டில் லிமோனீன் அதிகம் என்று கண்டு வாங்கிய பூ தேசிக்காயாக மணக்காவிட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2023 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது: டெர்பீன் அளவுகள் ஏறத்தாழ ஒத்திருந்த இனங்களும் வெவ்வேறாக மணந்ததற்கு, மிக நுண்ணிய அளவில் இருந்த கந்தகச் சேர்மங்கள் போன்றவை காரணமாயிருந்தன. அச்சேர்மங்களில் சில கொடித்தோடையிலும் உள்ளவை. அந்தப் பழத்துக்குத் தோடையின் பெயரைச் சூட்டிய நம் முன்னோர் நிறத்தைக் கண்டு சூட்டினார்களோ, முகர்ந்து சூட்டினார்களோ!

கிடைத்த மணத்தை இழப்பது மிக எளிது. முதல் அறுவடையை அவசரப்பட்டு, வெப்பக் காற்று வரும் துவாரத்தின் அருகே நான் தொங்கவிட்டேன். நான்காம் நாள் தோடம்பழம் போய் வைக்கோல் மணமே எஞ்சியது. லிமோனீன் போன்ற இலேசான டெர்பீன்களே முதலில் ஆவியாகின்றன. மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட கணக்கில், சாதாரண அறை வெப்பத்தில் ஒரு வாரம் உலர்ந்த பூக்களே தம் நறுமண எண்ணெயில் 31 சதவீதத்தை இழந்திருந்தன. இப்போது இருட்டான, குளிர்ந்த அறையில் பத்து நாட்களுக்குக் குறையாமல் உலரவிட்டு, பின்னர் கண்ணாடிப் போத்தல்களில் அடைக்கிறேன்.

சென்ற ஆண்டு இரண்டு செடிகள் மட்டுமே வளர்த்து, பூப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை வெட்டி, தாய்ச் செடியின் பிரதியாக வேர்விடச் செய்தேன். வேர்விட்ட கிளையும் செடியாகவே கணக்கிடப்படுவதால் நான்கும் நிறைந்துவிட்டன. அவற்றில், எலுமிச்சையையோ தோடையையோ பெயரில் சுமக்காத ஒன்று, பூத்தபின் பம்பளிமாஸின் வெள்ளைத் தோலைப்போலச் சற்றுக் கசப்போடு மணத்தது. அதன் கிளை இப்போது சாடியில் நிற்கிறது. புதிய விதைகளுக்கு இம்முறை மூன்று இடங்களே உள்ளன.