எத்தனை மரம்? வேலை அனுபவமே இல்லாமல் ஏஐ வேலைக்குப் போனது எப்படி

ஆஃபர் லெட்டர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மெயிலை இன்னும் தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். வருஷத்துக்கு 3.6 லட்சம், கோயம்புத்தூர். பெரிய தொகை இல்லை. ஆனால் பி.எஸ்சி. கணிதம், 2023 பாஸ் அவுட், ஒரு நாள் கூட எங்கும் வேலை பார்க்காத ஆள் நான். இருபது மாதத்தில் எனக்கு எது உதவியது, எது ஏமாற்றியது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ரவுண்டுகள் எப்படி நடக்கும், ரெஸ்யூமே எத்தனை பக்கம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் காசு கரைந்த கதை. ஒரு பயிற்சி மையத்தில் 45,000 ரூபாய் கட்டினேன். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. போர்டில் ‘வேலை உத்தரவாதம்’ என்று இருந்தது. மூன்று மாதத்தில், பழகுவதற்கென்றே எல்லோரும் எடுக்கிற தரவுகளை வைத்து மூன்று ப்ராஜெக்ட் செய்ய வைத்தார்கள்: டைட்டானிக்கின் 891 பயணிகள், ஐரிஸின் 150 பூக்கள், கையால் எழுதிய எண்களைக் கண்டுபிடிக்கும் எம்னிஸ்ட். பேட்ச்சில் 32 பேர். 32 ரெஸ்யூமேயிலும் அதே மூன்றுதான், வரிசை கூட மாறவில்லை. பார்க்கிற எச்.ஆருக்கு ஒரே ஆள் 32 பெயரில் விண்ணப்பித்த மாதிரி இருந்திருக்கும். உத்தரவாதம் என்ன ஆனது என்று கேட்டதற்கு, ‘நீங்க இன்னும் இன்டர்வியூ ரெடி ஆகலை’ என்றார்கள். சரி, விடுங்கள்.

பாடமாக உதவியவை இரண்டுமே இலவசம். என்பிடெல் என்ற ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி மெட்ராஸ் மிதேஷ் காப்ராவின் டீப் லேர்னிங் வகுப்புகள், அப்புறம் ஜெரமி ஹோவர்டின் ஃபாஸ்ட் ஏஐ என்ற ஆன்லைன் பாடம். முன்னது கணக்கை நோட்டில் போட வைக்கும். பின்னது முதல் பாடத்திலேயே படத்தைப் பார்த்து வகை சொல்லும் மாடலைச் செய்ய வைத்துவிடும். நான் மெதுவான ஆள், அதனால் நோட்டில் ஆரம்பித்தேன். பொறுமை இல்லாதவர்கள் திருப்பிச் செய்யுங்கள்.

இனி வாழைக்கு வருகிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம், அப்பாவுக்கு வாழை. 2023 அக்டோபர், நவம்பரில் இலைப்புள்ளி விழுந்தது. சிகடோகா என்பார்கள், ஈரம் கூடினால் பரவும் பூஞ்சை நோய். என் போனில் இலைகளைப் படம் எடுத்தேன். அத்தை மகனும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மொத்தம் 1,140 படம். நோயா, பொட்டாஷ் குறைவா, நல்ல இலையா என்று அப்பா பிரித்துச் சொன்னார். கூகுளின் கோலேப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற டி4 ஜிபியுவில் (மாடலை வேகமாகப் பழக்க உதவும் சிப்), ஏற்கெனவே இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் பயிற்சி பெற்ற ரெஸ்நெட்18 என்ற மாடலை எடுத்து, என் படங்களை வைத்து மேலும் பழக்கினேன். கோடில் பாதி சாட்ஜிபிடி எழுதியது. 80 சதவீதப் படம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு. துல்லியம் 97%. அன்றிரவு வீட்டில் பரோட்டா வாங்கிக் கொண்டாடினோம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் வயலில் வெள்ளம் வடிந்தபோது வாழை ஒன்று கூட நிற்கவில்லை. படங்கள் மட்டும் கூகுள் டிரைவில் இருந்தன.

பிப்ரவரியில் முதல் நல்ல இன்டர்வியூ. 97% என்று சொன்னதும் எதிரில் இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“இந்த 1,140 படமும் எத்தனை மரத்துல எடுத்தது?”

தெரியவில்லை. ஒரு மரத்தில் ஆறேழு படம் எடுத்திருப்போம் என்றேன். “அப்போ ஒரே மரத்தோட ஒரு படம் பயிற்சியிலயும் அடுத்த படம் சோதனையிலயும் இருக்குமே?” என்றார். அதே இலை, அதே வெளிச்சம், பின்னால் அதே பம்ப் செட். மாடல் நோயைப் படிக்கவில்லை, மரத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. தேர்வுக்கு முந்தைய நாள் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு சென்டம் வாங்கினான் என்று ஊருக்கு மிட்டாய் கொடுத்த கதை. இன்டர்வியூ 14 நிமிடத்தில் முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது கோபம் சாட்ஜிபிடி மேல். படங்களைக் கலைத்துப் போட்டு 80, 20 என்று பிரிக்கும் கோட் வரியை அதுதான் எழுதித் தந்தது. ஆனால் அதற்கு மரம் இருப்பதே தெரியாது, நான் சொல்லவே இல்லை. எர்ரர் வந்திருந்தால் திருத்தியிருப்பேன். இந்தத் தப்பில் எர்ரர் வராது, மார்க் கூடுதலாகத்தான் வரும். நீங்கள் எந்த மாடலைத் தொட்டாலும் முதல் நாளே இதைக் கேளுங்கள்: சோதனையில் இருப்பதற்கும் பயிற்சியில் இருப்பதற்கும் சொந்தபந்தம் உண்டா? ஒரே நோயாளியின் இரண்டு எக்ஸ்ரே, ஒரே வாடிக்கையாளரின் பத்து பில், ஒரே செய்தியை இரண்டு தளம் போட்டது, எல்லாம் இதே கதைதான்.

மரத்தை எண்ணலாம் என்றால் மரமே இல்லை. அப்புறம்தான் போன் படத்துக்குள் எக்ஸிஃப் என்று ஒரு பதிவு இருப்பது உறைத்தது. எடுத்த நேரம் விநாடி வரைக்கும் அதில் இருக்கும். ஒரே மரத்தில் எடுத்த படங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று விநாடி. அடுத்த மரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எடுக்க அரை நிமிடமாவது ஆகியிருக்கும். 20 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் புது மரம் என்று வைத்து ஓட்டினேன். 850 படம், 128 மரம் என்று வந்தது. மீதி 290 அத்தை மகன் அனுப்பியவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், டாக்குமென்டாக அனுப்பியிருந்தால் தப்பியிருக்கும். அந்த 290-ஐயும் தூக்கிப் போட்டேன். சைக்கிட் லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் உள்ள குரூப் ஷஃபிள் ஸ்ப்ளிட்டால் மரம் மரமாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன்.

71%.

அந்த வாரம் முழுக்க லேப்டாப்பைத் திறக்கவில்லை. பிறகு, முன்பு மேலோட்டமாகப் படித்த ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். பிளான்ட்வில்லேஜ் என்ற 54,306 இலைப் படத் தொகுப்பை வைத்து 2016-ல் வந்தது. சோதனையில் 99.35%. அதை மட்டும்தான் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். வேறு இடத்தில் எடுத்த படங்களைக் காட்டியபோது 31.4% என்று அதே கட்டுரையில் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். 2022-ல் இன்னொருவர், அதே தொகுப்பின் படங்களில் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சலை எடுத்துப் பழக்கியே 49% எடுத்துக் காட்டினார். இலையைப் பார்க்காமலே! பெரிய இடத்திலும் சறுக்கல் உண்டு என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு சோதனையும் செய்தேன். லேபிள் போட்ட 100 படங்களை ஒரு வாரம் கழித்து அப்பாவிடமே மறுபடி காட்டினேன். “ஏல, போன வாரமும் இதத்தானல காமிச்ச?” என்று எரிச்சலோடுதான் பார்த்தார். 11 படத்துக்குப் பதில் மாறியது. பெரும்பாலும் ஓரம் காய்ந்த இலைகள், பொட்டாஷா சிகடோகாவா என்ற குழப்பம். முப்பது வருஷம் வாழையோடு கிடக்கிறவருக்கே அப்படி என்றால் மாடலிடம் 97-ஐ எதிர்பார்த்தது என் தப்பு.

நடுவில் சில துண்டுகள், வரிசையெல்லாம் இல்லை:

– கோலேப் திடீரென்று துண்டிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் மாடலை டிரைவில் சேமியுங்கள். நான் இரண்டு இரவு இழந்தேன்.
– ஒரு பேப்பர் நோட்டு போடுங்கள். தேதி, எதை மாற்றினேன், எண் என்ன ஆனது. என் நோட்டில் 63 ஓட்டம் இருக்கிறது. இன்டர்வியூவில் அதையே எடுத்து வைத்தேன்.
– போன் படம் சில சமயம் படுத்துக்கொண்டு திறக்கும். எக்ஸிஃபில் உள்ள திசையைப் பார்த்துத் திருப்பாவிட்டால் மாடல் படுத்த இலையைத்தான் படிக்கும்.
– சான்றிதழ்களை அடுக்காதீர்கள். என்னிடம் ஏழு இருந்தது, ஒருவர் கூடக் கேட்கவில்லை.
– கோடிங் புதிர்கள் பழகும் லீட்கோட் தளம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஆன்லைன் ரவுண்டில் மூன்று இடத்தில் அடி. வேகமாக யோசிக்கிறவர்களுக்கு அதுவே கைகொடுக்கலாம்.

அடுத்த மழைக்குத் திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டில் சித்தப்பா வழியாக நாலு வயலுக்குப் போனேன். அங்கே ஏத்தன் (நேந்திரன்) வாழை, இலையே வேறு மாதிரி. ஒவ்வொரு மரத்துக்கும் முதல் படமாக எண் எழுதிய அட்டையை எடுத்துவிட்டுத்தான் இலை. மூன்று வயல் பயிற்சிக்கு. நாலாவது வயலின் 200 படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டுக் கடைசி வரை திறக்கவே இல்லை. திறந்தபோது 79%. தப்பான 42 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 19 விடியற்காலைப் பனியில் இலை மின்னியவை. 15 பழைய பொட்டாஷ் குழப்பம். மீதிக்குக் காரணம் பிடிபடவில்லை.

ரெஸ்யூமேயில் 79% என்றே போட்டேன். இப்போது கிடைத்த நிறுவனம், பம்பு உதிரிபாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று கேமராவில் பார்க்கும் வேலை செய்கிறது. அந்த 42 படத்தைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசினோம். கடைசியில், “எங்க பாகங்களை நீங்க எப்படிப் பிரிப்பீங்க?” என்றார் மேலாளர். ஒரே நாளில் ஒரே அச்சில் வார்த்தவை பயிற்சியோ சோதனையோ, ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அங்கேயும் யாரோ பரோட்டா வாங்கியிருக்கிறார்கள் போல.

திங்கட்கிழமை சேர்கிறேன். ஏரலில் புதுக் கன்று வைத்தாகிவிட்டது. மரத்துக்கு மரம் பெயிண்டில் நம்பர் எழுதிவிடலாமா என்று அப்பாவே கேட்டார். சருகு உரியும்போது நம்பரும் போய்விடுமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தகரத்தில் எழுதிக் கயிற்றில் கட்டலாம், ஆனால் தண்டு பெருக்கும்போது இறுக்காமல் தளர்வாகக் கட்ட வேண்டும் என்று சொல்லி, பழைய எண்ணெய் டின்னை வெட்ட உட்கார்ந்துவிட்டார்.