கட்டணக் கவுன்ட்டரும் 1911-ம் ஆண்டும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் டுராங்கோவில் இருக்கும் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியில், கட்டணப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே படிப்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பூர்வகுடிப் பிள்ளைகள். அவர்களில் நவஹோ இனத்தவர் அதிகம். தங்களை டினே என்று சொல்லிக்கொள்வார்கள். பூர்வகுடிப் பிள்ளைகள் யாருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது ஒரு தகப்பனார் தன் மகனின் பில்லை நீட்டி, "அவர்களுக்கு மட்டும் ஏன் இலவசம்?" என்பார். இடஒதுக்கீட்டைப் பற்றிய டீக்கடைப் பேச்சில் வளர்ந்த எனக்கு அந்தத் தொனி பழகியதுதான்.

கணக்குப் பிள்ளையாகச் சொன்னால், அது முன்பே கட்டித் தீர்த்த கட்டணம். 1890-களில் ஹெஸ்பெரஸ் பக்கம், பழைய ராணுவக் கோட்டையில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு உறைவிடப் பள்ளி நடந்தது. முடியை வெட்டி, தாய்மொழியை மறக்கடிக்க மத்திய அரசு நடத்திய பள்ளிகளில் அதுவும் ஒன்று. அங்கே இறந்த குழந்தைகளும் உண்டு. எங்கள் கல்லூரி அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான். அந்த நிலத்தை மத்திய அரசு 1911-ல் மாநிலத்திடம் கொடுத்தபோது, பூர்வகுடி மாணவர்களைக் கட்டணமின்றி, வெள்ளையருக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. மாநிலம் சரியென்று வாங்கிக்கொண்டது. பிறகு 1971-ல், கொலராடோவாசிகளுக்கு மட்டும்தான் என்று சுருக்கப் பார்த்தது. நீதிமன்றம் விடவில்லை. கல்லூரி மணிக்கூண்டிலோ அந்தப் பள்ளியை நல்லவிதமாகக் காட்டிய பலகைகள் நெடுங்காலம் இருந்தன. 2021 செப்டம்பரில்தான் கழற்றினார்கள்.

பிள்ளைகள் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிவதில்லை. டினே மாணவர் அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயரோடு நிறுத்தமாட்டார். முதலில் தாயின் குலம், அடுத்து தந்தையின் குலம், பிறகு தாய்வழித் தாத்தா, தந்தைவழித் தாத்தா என்று வரிசையாக வரும். இருவரும் ஒரே குலம் என்று தெரிந்தால் அந்த நிமிடமே அண்ணன் தங்கை. முளைவிட்ட காதல் அங்கேயே முடிந்துவிடும். பங்காளி முறை பார்த்துப் பழகிய எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வசந்த காலத்தில் ஹோஜோனி டேஸ் பவ்வாவ் என்ற பூர்வகுடிகளின் ஆட்டபாட்ட விழா வரும். மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டிமார் மடக்கு நாற்காலியோடு வந்து இடம்பிடிப்பார்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டிக்கு நீண்ட வரிசை நிற்கும். கவுன்ட்டரில் தலைகுனிந்து நின்ற பையன் அங்கே இறகுகளோடு ஆடுவதைப் பார்த்து, அடையாளம் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

கேள்வி கேட்கும் தகப்பனார்களுக்குத் தெரியாத இன்னொன்று: இந்தச் சலுகை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் பொருந்தாது. தன் பழங்குடி அரசின் உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை, தவணை கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்தப் படிவத்தை எப்போதும் மேஜையின் முதல் இழுப்பறையிலேயே வைத்திருப்பேன்.