அந்தச் ‘சரி, சேர்’

இந்தியா–இலங்கைக் கூட்டாய்வில் கடல் அட்டையை விட்டுவிட்டுக் கடல்புல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது நான்தான். இலங்கைப் பக்கத்துப் பொறுப்பாளரான அக்கரைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “சரி, சேர்” என்றார். நம் ‘சார்’தான் அங்கே ‘சேர்’. சம்மதம் என்றால் அவர் வாயில் ‘ஓம்’தான் வரும். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறும்போதெல்லாம் இந்தச் ‘சரி’ வந்து நிற்கிறது.

கூட்டு நிதி என்றால் இரு நாடும் ஒரே உண்டியலில் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பணம் எல்லை தாண்டாது. அவரவர் ஆய்வாளருக்கு அவரவர் அரசு கொடுக்கும். விமான டிக்கெட் அனுப்புகிறவர் செலவு, தங்கலும் சாப்பாடும் அழைக்கிறவர் செலவு. இதையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்திருந்தோம். நம் கணக்கு மார்ச் 31-இல் முடியும், அவர்களுடையது டிசம்பர் 31-இல். வாங்கிய பணத்தைச் செலவழித்ததற்கான பயனீட்டுச் சான்றிதழ் படிவம் 12-ஏ-யில் போகாமல் நமக்கு அடுத்த தவணை வராது. அக்டோபரில் இங்கே பணம் வந்தால் அங்கே வருடக் கடைசி, பாக் விரிகுடாவில் வாடைக்காற்று. அதையும் அட்டவணை போட்டுச் சமாளித்தோம்.

நாங்கள் கேட்காமல் விட்டது அட்டையைப் பற்றி.

வெள்ளை அட்டை இரு கரையிலும் ஒன்றுதான். 2001-இல் கடல் அட்டைகளை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்தார்கள். அக்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் பண்ணையே போடுகிறார்கள். இரு கரை அட்டையும் ஒரே கூட்டமா என்று மரபணுவில் பார்க்க வேண்டும். விரல்நகம் அளவு தசையை எத்தனாலில் போட்டால் போதும். அவர்கள் சில வாரத்தில் சேர்த்துவிட்டார்கள். இங்கே 12-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும், அதற்கு முன் மத்திய அரசின் இசைவு வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் என்றால் தேசியப் பூங்காவுக்குள் நுழையத் தனி அனுமதி. இதற்கெல்லாம் ஆகும் மாதங்கள் எங்கள் அட்டவணையில் இல்லை. தேர்வுக் கூட்டத்தில் இரு பக்கமும் மதிப்பெண் போட்டோமே தவிர, ‘இதை உங்கள் ஊரில் தொடலாமா?’ என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி வந்தது, அனுமதிக் கோப்பு வரவில்லை. செலவாகாத பணம் வட்டியோடு திரும்பிப் போகும். இரண்டு இளம் ஆய்வாளர்களுக்குச் சம்பளம் நின்றுவிடும். கடல்புல் என்றால், பூங்கா எல்லைக்கு வெளியே, பாக் விரிகுடாவில் எதையும் பிடுங்காமல் முடித்துவிடலாம்: 25 மீட்டர் இடைவெளியில் மூன்று 50 மீட்டர் கயிறு, 5 மீட்டருக்கு ஒரு முறை 50 செ.மீ. சதுரச் சட்டம், ஆக 33 சட்டம்; உள்ளே தெரியும் புல்லைக் குறித்தால் போதும். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் இருந்தது. கூடுதல் பணம் இல்லாமல் ஆறு மாத நீட்டிப்புக் கேட்டிருக்கலாம். அவர்கள் பக்கத்துப் பணம் அதற்குள் காலாவதியாகும் என்று நானே முடிவுகட்டினேன்; அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மௌனம் வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்னவோ. அட்டை ஆய்வுக்கு இரு கரையும் வேண்டும். ஒரு பாதி இல்லையென்றால் மறு பாதி குப்பையில். புல்லை அவரவர் எண்ணி, இரண்டு அறிக்கையைச் சேர்த்துத் தைத்தாலும் கூட்டாய்வு என்றுதான் பெயர். தணிக்கையில் ஒரு கேள்வி வரவில்லை. அவர்கள் ஃப்ரீசரில் குப்பிகள் ஜோடியில்லாமல் கிடக்கின்றன.

ஏப்ரல் பதினைந்துக்கு விசைப்படகுத் தடை தொடங்கும் முன்பே கரையோரம் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் நாள் நம் இளம் ஆய்வாளர்களில் ஒரு பையன் போன் செய்தான்.

“சார், சட்டத்துக்குள்ள ஒரு அட்டை கிடக்கு. எழுதவா?”

படிவத்தில் புல் வகை, பரப்பு விழுக்காடு, இலை நீளம் என்று மூன்று பத்திதான்.

“குறிப்புல எழுதுப்பா. தொட்டுடாதே” என்றேன்.