ஆயுள் முழுக்கப் போதும் என்று சொன்ன ஆயில்

“நீங்கதானே தம்பி அன்னைக்கு மாத்தவே வேண்டாம்னு சொன்னீங்க?”

எஸ்டிமேட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இப்படிக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. கோபப்படுகிறவர்களைச் சமாளிப்பது எனக்குப் பழகிவிட்டது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கழற்றிய பழைய பாகத்தைக் கொண்டுவந்து காட்டினால் பாதி தணிந்துவிடும். இவர் யோசித்துப் பார்த்துக் கேட்டார். நினைவும் சரியாகத்தான் இருந்தது. சொன்னது நான்தான்.

அப்போது நான் கம்பெனி ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். அவருடைய ஜெர்மன் கார் 60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றணும் என்று கேட்டார். முந்தைய காரில் மாற்றிய பழக்கம். நான் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன். சர்வீஸ் அட்டவணையில் அப்படி ஒரு வரியே இல்லை. “இது லைஃப்டைம் ஆயில் சார், வண்டி இருக்கிற வரைக்கும் தொட வேண்டியதில்ல” என்றேன். ஒரு செலவு மிச்சம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான்கு வருடம் கழித்து, வாரண்டி முடிந்த ஐரோப்பிய கார்களை மட்டும் பார்க்கிற ஒரு தனி வொர்க்‌ஷாப்புக்கு நான் மாறினேன். அவரும் என்னை விசாரித்துக்கொண்டு அங்கேயே வந்தார். மீட்டர் 1,40,000-ஐத் தாண்டியிருந்தது. நான் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டில் முதல் வரி, கியர்பாக்ஸ் ஆயில்.

அன்று சொன்னதும் பொய் இல்லை, இன்று சொன்னதும் பொய் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. சாட்சிக்கு ஆளும் உண்டு. பல ஐரோப்பிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப், 80,000-இலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கிப் பொருத்துகிற பல கார் கம்பெனிகளின் அட்டவணையில் அந்த வேலை இருக்காது. ஃபோக்ஸ்வாகனின் 6 கியர் டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அட்டவணையிலேயே இருக்கிறது, அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 1990களின் நடுவில் வந்த மெர்சிடிஸ் 5 கியர் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கும் குழாய் இருக்கும், உள்ளே அளவுக் குச்சி இருக்காது. மூடிக்கு ஒரு பூட்டு முள் வேறு. வாங்கினவர் திறந்தே பார்க்கக் கூடாது. ஆயுளுக்கும் போதும் என்றுதான் அதையும் விற்றார்கள், பிற்பாடு அந்தக் கம்பெனியே மாற்றச் சொல்லிவிட்டது.

ஆயுள் என்றால் எத்தனை வருடம் என்று ஷோரூம் பயிற்சியில் ஒரு பையன் கேட்டான். சொல்லிக்கொடுத்தவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நாங்களும் சிரித்தோம். இப்போது யோசித்தால், அந்தக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. புது கார் வாங்குகிறவரும் சரி, ஊழியர்களுக்காக மொத்தமாக ஐம்பது கார் எடுக்கிற நிறுவனமும் சரி, செலவுக் கணக்குப் போடுவது முதல் மூன்று நான்கு வருடத்துக்குத்தான். அந்தக் காலத்துக்குள் வண்டி எவ்வளவு குறைவாக சர்வீஸுக்கு வருகிறதோ அவ்வளவு நல்ல பெயர். எஞ்சின் ஆயிலுக்கே 30,000 கிலோமீட்டர் அல்லது 2 வருடம் என்று இடைவெளி கொடுக்கிறார்களே, அதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது என்பது என் எண்ணம். மிச்சமான செலவெல்லாம் இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போய்ச் சேரும். இவரோ இந்தக் கணக்குக்குள் வராத ஆள். முதல் கையாக வாங்கி ஏழு வருடமாக வைத்திருக்கிறார்.

சரி, அன்றைய பேச்சுக்கு வருகிறேன்.

“அன்னைக்கு வண்டி புதுசு சார், இப்ப வயசாயிடுச்சு” என்றேன்.

“வண்டிக்கா, ஆயிலுக்கா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு எஸ்டிமேட்டில் விரலை வைத்து, “ஆயில் மாத்துறதுக்கு அடிச்சட்டி எதுக்கு தம்பி?” என்றார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் தயார். அந்தக் கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சட்டி பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே ஒட்டிப் பிறந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்ற முடியாது, சட்டியோடுதான் வாங்கியாக வேண்டும். கூடவே கேஸ்கெட், போல்ட்டுகள், அந்தப் பெட்டிக்கென்றே உள்ள ஆயில். ஐரோப்பிய கார் செலவில் முக்கால்வாசி இப்படித்தான் ஏறும். எந்த ஒரு பாகமும் தனியாக வராது. பேட்டரி மாற்றினால் மாற்றினேன் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்துக்கொண்டு அதன்படியே சார்ஜ் ஏற்றிப் புதியதைக் கெடுத்துவிடும். பிரேக் பேடு தேய்ந்து டேஷ்போர்டில் விளக்கு எரிந்துவிட்டால், பேடோடு சேர்த்து அந்த சென்சாரையும் மாற்ற வேண்டும். அது தேய்ந்து அறுந்துதான் விளக்கையே எரிய வைத்திருக்கும்.

மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு, அதையும் நான் சொல்வேன். கார் கம்பெனியின் பெயர் போட்ட அட்டைப்பெட்டியில் வருகிற சஸ்பென்ஷன் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கையை, உற்றுப் பார்த்தால் ஓர் இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். அதைச் செய்து கொடுக்கிற லெம்ஃபோர்டரின் அட்டைப்பெட்டியில் அதே ஆர்மை வாங்கினால் அந்த இடத்தில் அவர்கள் பெயர் அப்படியே இருக்கும். விலை மட்டும் குறைவு. இதை எடுத்துக் காட்டியதும் வாடிக்கையாளர் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும். நம் பக்கம் நிற்கிற ஆள் இவன் என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை வந்த பிறகு எஸ்டிமேட்டில் மற்ற வரிகளை அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். இதை நான் தெரிந்தே செய்கிறேனா என்றால், முதலில் இல்லை. இப்போது தெரியும்.

அவருக்கும் அன்று ஒரு பழைய ஆர்மை எடுத்துக் காட்டினேன். தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கேட்டார்: “சரி தம்பி, உங்க வண்டியா இருந்தா மாத்துவீங்களா?”

“கண்டிப்பா மாத்துவேன் சார்.”

என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். அதன் ஆயிலையே ஞாபகம் வந்தால்தான் மாற்றுவேன்.

வேலை ஒழுங்காக நடந்தது. எங்கள் கியர்பாக்ஸ் மெக்கானிக் பேசாமல் வேலை செய்கிற அண்ணன். எனக்குப் பத்து வருடம் மூத்தவர். சட்டியை இறக்கியபோது என்னைக் கூப்பிட்டார். சட்டியின் அடியில் இருக்கும் காந்தங்களில் கறுப்பாக, மை அரைத்துப் பூசினாற்போல் ஒரு பசை. அது வழக்கமானதுதான். கிளட்ச் தட்டுகளும் பல்சக்கரங்களும் தேய்ந்த பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும், நெருநெரு என்றால் சிக்கல். அண்ணன் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்கு அனுப்ப நான் ஒரு படம் எடுத்தேன். புது சட்டி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் சூடு 40 டிகிரியைத் தொட்டபோது பக்கவாட்டு ஓட்டையில் மெல்லிய நூலாக வழிகிற அளவு பார்த்து மூடினோம். கியர்பாக்ஸ் அதுவரை கற்று வைத்திருந்த கணக்குகளையும் கம்ப்யூட்டரில் அழித்துப் புதிதாகக் கற்க விட்டோம்.

மூன்று வாரம் கழித்து அவர் போன் செய்தார். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது எஞ்சின் ஒரு நொடி சும்மா கத்துகிறது, அப்புறம்தான் பிடிக்கிறது என்றார். கொண்டுவரச் சொல்லி ஆயில் அளவை மறுபடி பார்த்தோம். சரியாக இருந்தது. பத்து நாளில் நான்காவது கியரே வழுக்க ஆரம்பித்தது. பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் கிளட்ச்களை மாற்றணும். அதற்கான செலவு, அந்தக் காரை அன்று விற்றால் கிடைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது.

ஓடுகிற பெட்டியைத் தொடாதே என்று வொர்க்‌ஷாப்பில் ஒரு சொல் உண்டு. தேய்ந்த கிளட்ச் பொடி பழைய ஆயிலில் மிதந்துகொண்டு ஒரு பிடிப்பைக் கொடுக்கும், புது ஆயில் அதைக் கழுவி எடுத்துவிடும், தட்டுகள் வழுக்கும் என்பார்கள். வேறு சிலர் சொல்வது: அப்படி வழுக்குகிற பெட்டி ஏற்கெனவே முடிந்துபோன பெட்டி, ஆயில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இரண்டு மூன்று மாதம்தான். நான் இரண்டாவது கட்சி. எங்கள் வொர்க்‌ஷாப்பில் மாற்றியதில் பெரும்பாலான பெட்டிகள் மாற்றிய பிறகு நன்றாகவே ஓடுகின்றன, முன்பைவிட மென்மையாகவே கியர் மாறுகின்றன. இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரே காரில் மாற்றியும் மாற்றாமலும் பார்க்க முடியாது. அதனால் இரண்டு கட்சிக்காரர்களும் தோற்காமல் பேசிக்கொண்டிருக்கலாம்.

பிரிக்கிறதா வேண்டாமா என்று பேச அவர் வந்தபோது, போகிறபோக்கில் ஒன்று சொன்னார். முன்பே காலையில் முதல் முறை எடுக்கும்போது லேசாக இழுக்குமாம். ஆயில் மாற்றினால் போய்விடும் என்று நினைத்தாராம். அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பார், ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது. அந்த நிம்மதி அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது. வண்டி உள்ளே வரும்போதே கியர் மாற்றத்தில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டு எழுத வேண்டியது அட்வைசர் வேலை. நான் கேட்டேனா?

ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். “கியர் மாற்றம்: சரி” என்று என் கையெழுத்து. ஆயில் மாற்றுவதற்கு முன் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டிய வரி அது. அன்று வாசலில் ஏழு வண்டி நின்றிருந்தது. நான் ஓட்டியது வாசலிலிருந்து லிஃப்ட் வரை. நாற்பது மீட்டர் இருக்கலாம். நாற்பது மீட்டரில் இரண்டாவது கியரே விழாது.

ஓட்டியிருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மாற்ற வேண்டாம் என்றா? அப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்குமோ, அதற்குள் விற்றிருப்பாரோ, விற்றிருந்தால் வாங்கினவர் தலையில் விழுந்திருக்குமே அது பரவாயில்லையா என்று எண்ணம் எங்கெங்கோ போகும். கடைசியில் வந்து நிற்பது அந்தப் படத்தில்தான். போனில் அதை இன்னும் அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் இடது பக்கக் காந்தத்தின் ஓரத்தில் ஒரு மினுக்கு இருக்கிறது. உலோகத் துணுக்காக இருக்கலாம். லிஃப்டின் ட்யூப்லைட் பட்டதாகவும் இருக்கலாம். அண்ணனிடம் காட்டினேன். “முடிஞ்சதை ஏன்டா நோண்டுற” என்றார். அன்று விரலில் நெருநெருப்பு இருந்ததா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இருந்தது என்று சொல்லிவிட்டால்?

முதலாளி கூலியில் பாதியைத் தள்ளிக் கொடுத்தார். ஜாப் கார்டைப் பற்றி வாடிக்கையாளரிடம் எதுவும் பேச வேண்டாம் என்றார். நானும் பேசவில்லை. பாதி கூலி தள்ளியதே ஒரு மாதிரி ஒப்புக்கொண்டதுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அவர் அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன் பாருங்கள், அதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை.

வண்டி தயாராகி எடுத்துப் போகும் நாளில், சாவியை வாங்கிக்கொண்டு கேட்டார்:

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. அன்னைக்குச் சொன்னது சரியா, அப்புறம் சொன்னது சரியா?”

“ரெண்டுமே அந்தந்த நேரத்துக்குச் சரிதான் சார்.”

எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பதில். யோசித்துச் சொன்னதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தலையாட்டினார். காலையில் லேசாக இழுக்கும் என்று அவர் சொன்னதுகூட என்னைத் தேற்றச் சொன்னதோ என்று அப்போது முதல்முறையாகத் தோன்றியது. ஏழு வருடம் ஒரே காரை அவ்வளவு கவனமாக வைத்திருந்தவர், அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

போன வாரம் 1,30,000 ஓடிய ஒரு வண்டி வந்தது. ஏறக்குறைய அதே மாதிரி. சொந்தக்காரர் சின்ன வயசு, இரண்டாவது கையாக வாங்கியவர். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றணுமா என்று அவராகவே கேட்டார். எஸ்டிமேட்டில் அந்த வரியைப் போட்டுவிட்டு, எதிரில் “வாடிக்கையாளர் விருப்பம்” என்று எழுதினேன். “விருப்பம்னா என்ன சார், மாத்தணுமா வேணாமா?” என்றார். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டினேன். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது ஒரு தடவை லேசாக ஏதோ தெரிந்தது. ரோட்டில் ஒட்டு போட்ட இடமாக இருக்கலாம் என்று திரும்பி அதே வழியில் ஓட்டினேன். இந்தத் தடவை தெரியவில்லை. மறுபடி திருப்பினேன்.