ஐடூசி பஸ்ஸை இரண்டாகப் பிரித்தேன்

சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றுக்கு சி மொழியில் எமுலேட்டர், அதாவது அந்தப் போர்டைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் நிரல், எழுதி வருகிறேன். பாளையங்கோட்டை வீட்டு மாடியில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் இதற்கு. நிஜப் போர்டில் இரண்டு ஐடூசி பஸ்கள், அதாவது சிப்புகள் ஒன்றையொன்று முகவரி சொல்லிக் கூப்பிட்டுப் பேசும் இரட்டைக் கம்பி இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு எல்எம்75 வெப்பநிலை சென்சார். அந்தச் சிப்பில் முகவரிக்கென்று மூன்று கால்கள் இருப்பதால் எட்டு முகவரி வரை வைக்கலாம். இந்தப் போர்டில் மூன்றையும் கிரவுண்டில் கட்டியிருக்கிறார்கள். ஆகவே இரண்டு சென்சாருக்குமே முகவரி ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 48.

என் எமுலேட்டரில் இருந்ததோ ஒரே சாதனப் பட்டியல். யாரைக் கூப்பிட்டாலும் முதல் சென்சார்தான் பதில் சொன்னது. சரி, பட்டியலை இரண்டாக்கினேன். ஒன்றுக்கு 25.0 டிகிரி, மற்றதற்கு 40.5 என்று வைத்து ஓட்டினேன். இரண்டும் சரியாக வந்தன. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

மறுநாள் நெடுநேரம் ஓடவிட்டபோது முதல் சென்சார் நடுநடுவே 25.5 காட்டியது. அந்த அரை டிகிரியைத் தேடியே இரண்டு ராத்திரி போனது. எல்எம்75 வெப்பநிலையை இரண்டு பைட்டாகத் தரும். முழு டிகிரி முதல் பைட்டில். அரை டிகிரி அடுத்த பைட்டின் உச்சி பிட்டில். 25.0 என்றால் ஹெக்ஸில் 19, 00. 40.5 என்றால் 28, 80. எனக்கு வந்தது 19, 80. தலை ஒரு சென்சாருடையது, வால் இன்னொன்றுடையது!

பட்டியலைப் பிரித்தேனே தவிர, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம், எத்தனையாவது பைட் என்கிற இரண்டு மாறிகளும் இரு பஸ்ஸுக்கும் பொதுவாக, குளோபலாகவே கிடந்தன. முதல் பஸ்ஸில் ஒரு பைட் படித்த கையோடு இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி வேறு வேலைக்குக் கூப்பிடும் குறுக்கீடு) வந்து, இரண்டாவது பஸ்ஸில் பேச்சு தொடங்கிவிட்டால், திரும்பி வந்து படிப்பது அந்தச் சென்சாரைத்தான்.

இதைக் கேட்ட நண்பனுக்கு மேலப்பாளையம் பக்கம் வயல் இருக்கிறது. “ஏல, பாளையங்கால்வாயில அமலைச் செடி அடைச்சா நெல்லைக் கால்வாயில தண்ணி நிக்குமால?” என்றான். நிற்காது. தாமிரபரணியிலிருந்து ஒன்று பழவூர் அணைக்கட்டில் பிரிகிறது, மற்றது சுத்தமல்லியில். அதையே சோதனையாக வைத்துக்கொண்டேன்.

முதலில் பட்டியல், நிலை, பைட் கணக்கு எல்லாவற்றையும் பஸ் என்கிற ஒரே ஸ்ட்ரக்டுக்குள் (சி மொழியில் பல மாறிகளைச் சேர்த்துக் கட்டும் பொட்டலம்) போட்டு, ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனித்தனியாக ஒன்று கொடுத்தேன். கியூஎமு என்கிற பிரபலமான எமுலேட்டரில் சாதனத்தைச் சேர்க்கும்போது பஸ் பெயரைச் சொல்லாவிட்டால், பொருத்தமான ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. பெயர் சொல்லாவிட்டால் என் எமுலேட்டர் ஓடவே ஓடாது.

அப்புறம் அடைப்பு. முதல் சென்சார் ஒரு பைட்டின் நடுவில் டேட்டா கம்பியை கீழே இழுத்துப் பிடித்தபடி நிற்கட்டும் என்று எழுதினேன். நிஜத்திலும் இப்படி நடக்கும். ஒன்பது கிளாக் துடிப்பு கொடுத்து விடுவிப்பார்கள். முதல் பஸ் அப்படியே உறைந்தது. இரண்டாவதில் 40.5, 40.5 என்று வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. ஒன்பது துடிப்பு கொடுத்ததும் முதல் பஸ்ஸிலும் 25.0 வந்தது. அன்று ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், 25.5 ஒருமுறைகூட இல்லை.

அடுத்தது எஸ்பிஐ, சிப்புகளை இணைக்கும் இன்னொரு வகை பஸ். அங்கே முகவரியே கிடையாது, சாதனத்துக்கு ஒரு செலக்ட் கம்பி. இந்த ஸ்ட்ரக்டை அதற்கும் நீட்டுவதா, புதிதாக எழுதுவதா என்று நாளைக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.